பச்சையம்மாள் கேட்ட ஊசி

என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பூசைக்குப் போகும்போது கோயில் வாசலில் பெண்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அறுக்கும்போது தெரிந்ததா, கட்டைக்கால் உரசுகிறதா, இல்லாத காலில் அரிக்கும் என்கிறார்களே, அது நிஜமா என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியவில்லை, உரசுகிறது, நிஜம்தான், கட்டைவிரல் இருந்த இடத்தில் அரிக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் கால் அல்ல, பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒருத்தியின் தொண்டை. அவளை விட்டுவிட்டு என் வியாதியை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் நெல்லித்தோப்பில் குடியிருக்கிறவள். பிரெஞ்சுக்காரர் ஆளுகிற ஊர்; பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் சவரிராயன் சுங்கச் சாவடியில் குமாஸ்தா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆண்டவர் பாடுபட்டதை நினைத்து நோன்பிருக்கிற அந்தத் தபசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ரெட்டியார்பாளையம் வழியாக வில்லியனூர் மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம். வலி இல்லை. வலி இல்லாததை மாதாவின் கிருபை என்று நினைத்தேன். மஞ்சள் அரைத்துப் பூசினேன், வேப்பெண்ணெய் காய்ச்சி விட்டேன். கொப்புளம் உடைந்து புண்ணாகி, விரல் முதலில் நாவற்பழ நிறத்துக்கு வந்து, பிறகு கரியாகிவிட்டது. ஒரு நாள் காலையில் சவரிராயன் என் பக்கம் குனிந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தார். குதிரைவண்டி கூப்பிடப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நீல மருந்து சேர்த்துக் காய்ச்சினார்கள். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அப்படி வந்தால் நீரிழிவு. பெரிய டாக்டர், தொக்தேர் என்போம், பிரான்சிலிருந்து வந்த வெள்ளைக்காரர், ஒல்லியான மனிதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்றதும் என்னிடமே விளக்கிச் சொன்னார். இரத்தத்தில் சர்க்கரை மிஞ்சிப்போனால் நரம்பு மரத்துவிடும். அதனால்தான் வலி இல்லை. சின்ன இரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். இரத்தம் போகாத சதை செத்துப்போகும். செத்த சதையில் ஊறுகிற விஷம் மேலே ஏறும். சர்க்கரையை இறக்க இன்சுலின் என்கிற ஊசி மருந்து இருக்கிறது, செத்த சதையை எழுப்ப மருந்து இல்லை. நான் மாதாவின் கிருபை என்று நினைத்தது செத்த நரம்பு.

பெண்கள் வார்டு நீளமான கூடம். சுண்ணாம்பு அடித்த சுவர், உயரமான ஜன்னல்கள், பினாயில் வாசனை. கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். எனக்குச் சுவரோரக் கட்டில். அடுத்த கட்டிலில் பச்சையம்மாள்.

அவள் பாகூர்ப் பக்கத்துக் கிராமம். நடவுக்கும் அறுப்புக்கும் போன உடம்பு; தோள் எலும்பு அகலம், அதன்மேல் தோல் மட்டும் போர்த்தினது போல இருந்தது. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சோறு விழுங்கும்போது நெஞ்சில் நிற்கிறது என்று ஆரம்பித்து, பிறகு கஞ்சி நின்று, அப்புறம் தண்ணீரும் நிற்க ஆரம்பித்திருக்கிறது. சுண்ணாம்புக் குழம்பு மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படம் பிடித்துப் பார்த்ததில் உணவுக் குழாயில் புற்று இருப்பது தெரிந்தது. சதை கண்டபடி வளர்ந்து வழியை நெரிக்கிற வியாதி அது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் வைத்துக்கொண்டிருந்தால் ஏதோ இறங்கும். அவசரப்பட்டால் எல்லாம் மூக்கு வழியே திரும்பும். குரலும் தேய்ந்து போயிருந்தது. காற்றோடு கலந்து ஒரு கரகரப்பு. நான் தலையைச் சாய்த்தால்தான் கேட்கும்.

முதலில் என்னை "நீங்க" என்றாள். ஒரு நாள் வாந்தியில் அவள் புடவை நனைந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே என் வெள்ளைப் புடவை ஒன்றை அவளிடம் எறிந்தேன். அதிலிருந்து "நீ" ஆகிவிட்டேன்.

அவள் புருஷன் கோவிந்தன் பார்வை நேரம் வரைக்கும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்தால் கால்மாட்டில் நின்றுகொண்டு அவள் பாதத்தைப் பிடித்துவிடுவார். பேச்சு குறைவு. "கரும்பு வெட்டியாச்சி. செவலப் பசு கன்னு போட்டுச்சி." அவ்வளவுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

வார்டைப் பார்த்துக்கொண்டது ஒரு வயதான வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ. எல்லோரும் மேர், அதாவது அம்மா, என்போம். கடுமையான மனுஷி. ஆனால் காலைதோறும் பச்சையம்மாளின் வாயைப் பஞ்சில் தண்ணீர் நனைத்து அவர்தான் துடைப்பார், தாதிகளிடம் விடமாட்டார். துடைத்துக்கொண்டே செபம் முணுமுணுப்பார். ஒரு நாள் என்னிடம், ஞானஸ்நானம் பெற விருப்பமா என்று அவளைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

பச்சையம்மாள் யோசித்தாள். "தலையில ஊத்தற தண்ணிய தொண்டையில எறங்கற மாதிரி ஊத்துவாங்களான்னு கேளு."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. இப்போது வேண்டாம் என்கிறாள் என்று மட்டும் சொன்னேன். மேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேறென்னவோ சொன்னாள்" என்றார். பிறகு திட்டாமல், அவளுடைய உதட்டில் கொஞ்சம் வெண்ணெய் தடவிவிட்டுப் போனார்.

எனக்குத் தீர்ப்பு வந்தது ஒரு காலை நேரத்தில். தொக்தேர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "சிவப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது, மதாம். இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்கலாம். காத்திருந்தால் தொடையில். அதற்கும் மேலே போய்விட்டால் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை."

"வேண்டாம், முசே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். என் சித்தப்பா ஒருவரை மயக்கம் கொடுத்து அறுத்தபோது அவர் எழுந்திருக்கவே இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, ஒற்றைக் காலோடு கரும்பலகை முன்னால் நிற்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்களே என்றிருந்தது. இதையெல்லாம் சொல்லக் கூச்சமாக இருந்ததால், தேவசித்தம் என்று சொல்லிவிட்டேன். சவரிராயன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால் இல்லாட்டி என்னா மதலேன். நான் தூக்கிக்கிட்டுப் போறேன்."

"கோயிலுக்குமா?"

"கோயிலுக்கும்தான்."

அவர் என்னைவிடக் குள்ளம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர்தான் போய் எங்கள் பங்குச் சுவாமியாரை அழைத்துவந்தார். தமிழ்ச் சுவாமியார், காரைக்கால் பக்கத்துக்காரர். அவர் வந்து கட்டளையிடுவார், நானும் கீழ்ப்படிந்துவிடலாம் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் செய்யவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"உயிர் நாம சம்பாதிச்சது இல்லம்மா. அதை முடிக்கிற அதிகாரம் நமக்கு இல்ல. அதுக்காக அதைக் காப்பாத்த எந்தச் சித்திரவதையும் படணும்னும் திருச்சபை சொல்லல. சோறு, தண்ணி, சாதாரண மருந்து, இதெல்லாம் விடக் கூடாது. காலை அறுக்கறதுபோல பெரிய வேதனையை ஏத்துக்கத்தான் வேணும்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நீ வேணாம்னா அது பாவம் இல்ல."

"அப்ப நான் செத்துப்போலாமா, சுவாமி?"

"சாகலாம்னு சொல்லல. வெட்டிக்கலைன்னா பாவம் இல்லன்னு சொன்னேன். உன் வீட்டுக்காரரையும் நினைச்சுப் பாரு. ஆனா முடிவு உன்னோடது."

அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. பாவம் என்று சொல்லியிருந்தால் அதன் தோளில் ஏறிக்கொண்டு போயிருப்பேன். இப்போது நான் மட்டும் மிச்சம்.

பச்சையம்மாளுக்கும் அதே வாரத்தில் ஒரு வழி சொன்னார்கள். வயிற்றில் துளை போட்டு, ரப்பர்க் குழாய் வைத்து, பாலும் கஞ்சியும் நேராக இரைப்பைக்குள் ஊற்றுவது. புற்று குணமாகாது, பட்டினி நிற்கும். சில வாரமோ சில மாதமோ உயிர் இருக்கும். தொக்தேர் சொல்ல நான் சொன்னேன். கோவிந்தன் உடனே, "வையுங்க, வையுங்க" என்றார். பச்சையம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது வலி நெஞ்சிலிருந்து முதுகுக்குப் பாய ஆரம்பித்திருந்தது. மார்பின் ஊசி போடுவார்கள். அபினிலிருந்து எடுக்கிற மருந்து. போட்டால் சற்று நேரம் முகம் தளரும். மறுபடியும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். இராத்திரிகளில் அவள் சத்தம் போட்டதில்லை, போடக் குரல் இல்லை. கம்பி மட்டும் கிறீச்சிடும். நான் விழித்துக்கொண்டு அதைக் கேட்டபடி ஜெபமாலை உருட்டுவேன்.

ஒரு மத்தியானம் என்னைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"வாத்தியாரம்மா, நாளைக்கு வெள்ளக்காரரு வரப்போ ஒண்ணு சொல்லணும். நீதான் சொல்லணும்."

"என்னா?"

"அந்தத் தூக்க ஊசிய மொத்தமாப் போட்டு முடிச்சிடச் சொல்லு."

"அப்படிக் கேக்கக் கூடாது பச்சையம்மா. பாவம்."

"யாருக்குப் பாவம்?"

"கேக்கறவங்களுக்கும் பாவம், செய்றவங்களுக்கும் பாவம்."

"சொல்றவங்களுக்கு?"

நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன்.

"நான்தான் கேக்கறேன், நீ கேக்கல. என் வாய் அடைச்சிப் போச்சி. உன் வாயக் கொஞ்சம் குடு. அவ்ளோதான்."

சுவாமியாரைக் கேட்கலாம் என்றால் அவர் மறுநாள் காலைக்குள் வரமாட்டார். அன்று முழுக்க யோசித்தேன். அவள் சொன்னதை மாற்றி, வலி தாங்கவில்லை என்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடலாம். ஞானஸ்நான விஷயத்தில் அப்படித்தானே செய்தேன். ஆனால் அது வேறு. ஒருத்தி தன் சாவைப் பற்றிச் சொல்வதை நான் பாதியாக அறுத்துக் கொடுத்தால், அவளுடைய தொண்டையை இன்னொரு தரம் அடைத்ததாகும் என்று தோன்றியது. அது சரியான யோசனையா என்று தெரியாது. அன்று அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் தொக்தேர் அவள் கட்டிலுக்கு வந்தார். மேர் பக்கத்தில் நின்றார். பச்சையம்மாள் என்னையே பார்த்தாள். நான் பிரெஞ்சில் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

மேர் சிலுவை போட்டுக்கொண்டார். "நம் ஆண்டவர் பாடுபட்ட நாட்கள் இவை. பாடுகளைச் சகிக்கச் சொல்லுங்கள், மதாம்" என்றார். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவர் கையில் அந்த வாய் துடைக்கிற பஞ்சு இருந்ததால் அடங்கிக்கொண்டேன்.

தொக்தேர் அதுவரை எந்த நோயாளியின் கட்டிலிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று உட்கார்ந்தார்.

"அதை நான் செய்ய முடியாது என்று சொல்லுங்கள். சட்டம் விடாது. சட்டம் விட்டாலும் என் கை வராது. ஆனால் வலியோடு விடமாட்டேன். மருந்தைக் கூட்டுகிறேன். கூட்டினால் மூச்சு குறைந்து சில நாட்கள் முன்னதாகவே போகலாம். அது பரவாயில்லையா என்று கேளுங்கள். வயிற்றுக் குழாய் வேண்டாம் என்றால் வைக்கமாட்டேன்."

சொன்னேன். அவள் கேட்டுவிட்டுக் கையை லேசாக ஆட்டினாள்.

"அவரு கை வராதுன்னா சரி, வுடு. வலிக்கு ஊசி போடட்டும். வயித்துல ஓட்டை வேணாம்."

சாயங்காலம் கோவிந்தனுக்கு அது தெரிந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதார். "சோறில்லாம சாகறதை நான் நின்னு பாக்கணுமா? ஊருக்கே நெல்லு அறுத்துக் குடுத்தவ. பொண்டாட்டிய பட்டினி போட்டுக் கொன்னான்னு என்னைச் சொல்லமாட்டாங்களா?"

அவள் சொன்னதை நான்தான் கிட்டே வாங்கி அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழுக்குத் தமிழே மொழிபெயர்த்தேன். "எனக்குப் பசியே இல்ல. பசி போயி ரொம்ப நாளாச்சி. உனக்குத்தான் பசிக்குது. போயி சாப்புடு."

பிறகு சுவாமியார் வந்தபோது, அந்தக் குழாய் சோறா மருந்தா, மறுத்தால் பாவமா என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நான் படிச்ச புஸ்தகத்துல அப்படி ஒரு குழாய் இல்லம்மா" என்றார். "வயித்தை அறுத்து வைக்கிறதால, உன் கால் மாதிரிதான்னு நினைக்கிறேன். ஆனா சோறாச்சே. நிச்சயமாச் சொல்ல முடியல." அவளுடைய கேள்வியை நான் வாய் திறந்து சொன்னதைப் பற்றியும் கேட்டேன். "அவ விருப்பத்தை நீ உன் விருப்பமாக்கிக்கலையே? அப்ப சரி" என்றார். ஆக்கிக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் கம்பி கிறீச்சிட்ட இராத்திரிகளில் இது முடிந்தால் தேவலை என்று நானும் நினைத்ததுண்டு. அதையும் சொன்னேன். அவர் ஆசீர்வதித்துவிட்டு எழுந்தார்.

இரண்டொரு நாளில் கோவிந்தனின் அண்ணன் வந்தார். ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பூசாரி. நரைத்த முடி, நெற்றி நிறையக் குங்குமம், தீர்த்தம் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு. தம்பி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். கால்மாட்டில் நின்றுகொண்டு, உரக்க அல்ல, அன்பாகத்தான் பேசினார்.

"ஊசி போட்டு முடிச்சிடுன்னு கேட்டியாமே. கேக்கலாமாம்மா? போன ஜென்மத்துல பட்ட கடன் இது. அனுபவிச்சுத் தீத்துடணும். பாதியில அறுத்துக்கிட்டுப் போனா மிச்சம் அடுத்த ஜென்மத்துல வந்து நிக்கும்."

பச்சையம்மாள் என்னைக் கூப்பிட்டாள். என் தலையை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். "கேளு" என்று ஆரம்பித்தாள். நான் சொன்னேன்:

"கடன்னா என்னா வாங்கினோம்னு தெரியணும் இல்ல மாமா? நெல்லு வாங்கினேனா, கேழ்வரகு வாங்கினேனா? எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "தெரியாது தாயி" என்றார். துண்டின் நுனியைத் தீர்த்தத்தில் நனைத்து அவள் உதட்டை ஈரமாக்கினார். இரண்டு கண்ணிலும் நீர் கொட்டியது. பிறகு தம்பியிடம் சொன்னார்: "குழாய் வேணாம். அவ சொல்றபடி வுட்டுடு. ஆனா இங்க சாகக் கூடாது. வீட்டு மண்ணுல போகட்டும்."

அதுதான் கஷ்டமான இடம். வீட்டுக்குப் போனால் ஊசி கிடையாது. கிராமத்தில் ஊசி போட ஆள் இல்லை. தங்கினால் வலி குறைவு. சாவது இரும்புக் கட்டிலில், பினாயில் வாசனையில், அம்மனைத் தெரியாதவர்கள் நடுவில். பச்சையம்மாளைக் கேட்டார்கள். மறுநாள், "கன்னுக்குட்டியப் பாக்கணும்" என்றாள்.

தொக்தேர் மறுக்கவில்லை. ஊசிக்குப் பதிலாக, அபின் கரைத்த சொட்டு மருந்து ஒரு சின்னப் புட்டியில் கொடுக்கச் சொன்னார். கன்னத்துக்குள் விட்டால் மெதுவாக இறங்கும். மேர் கையை மடித்துக்கொண்டு, "அதை அவர்களிடம் கொடுப்பது சோதனையைக் கொடுப்பது" என்றார். தொக்தேர், "கொடுக்காமல் அனுப்புவது சித்திரவதையைக் கொடுப்பது, மேர்" என்றார். பிறகு கோவிந்தனைக் கூப்பிட்டு, என்னைச் சொல்லச் சொன்னார். காலை, மத்தியானம், இரவு, ஒரு தரத்துக்கு இத்தனை சொட்டு. வலி மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். புட்டியின் மேல் நகத்தால் ஒரு கோடு காட்டினார்: "இந்த அளவை ஒரே தரத்தில் விட்டால் அவள் எழுந்திருக்கமாட்டாள்."

சொன்னேன். கோவிந்தன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டி வந்துவிட்டது. பச்சையம்மாளைத் தூக்கிக் கொண்டுபோகும் முன் அவள் என் கால் கட்டைக் காட்டினாள். நான் குனிந்தேன்.

"எனக்கு எதை எடுத்தாலும் மிச்சம் இல்ல. உனக்குக் காலு போனா மிச்சம் கெடக்குது. வெட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரு. என்னா பெரிய தேவசித்தம்."

அவள் போன பிறகு அந்தக் கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டார்கள். அன்று சாயங்காலமே எனக்குக் குளிர் ஜுரம் கண்டது. கால் கெண்டைச் சதை வரைக்கும் சிவந்திருந்தது. மேர் கட்டை மாற்றும்போது என் முகத்தைப் பார்க்காமலே, "உங்கள் கணவர் வாசலில் உட்கார்ந்து அழுகிறார். உள்ளே வரும்போது துடைத்துக்கொள்கிறார்" என்றார். பச்சையம்மாள் சொன்னது ஒரு பக்கம், இது ஒரு பக்கம், ஜுரம் ஒரு பக்கம். எது என்னைத் திருப்பியது என்று சொல்லத் தெரியவில்லை. தொக்தேரிடம் எடுத்துவிடுங்கள் என்றேன்.

அறுவையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. மூக்கின் மேல் துணி வைத்தார்கள், தித்திப்பாக ஒரு நெடி, யாரோ எண்ணச் சொன்னார்கள். எழுந்தபோது வாந்தி. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அதை வெகுநேரம் பார்த்துவிட்டு மறுபடியும் வாந்தி எடுத்தேன். பிறகு வந்த வலியை எழுதமாட்டேன். மரத்துப்போன கால் இருந்தவரைக்கும் வலிக்கவில்லை. போன பிறகு அத்தனையும் சேர்ந்து வலித்தது. எனக்கும் மார்பின் போட்டார்கள். பச்சையம்மாள் எதைக் கேட்டாள் என்பது அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. அந்த மருந்து இறங்கும்போது, இது நீண்டுகொண்டே போனால் போதும் என்றுதான் இருந்தது, திரும்பி வரவேண்டும் என்று இல்லை.

எடுத்த காலை என்ன செய்தார்கள் என்று சவரிராயன் பல நாள் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெற்ற உடம்பின் பாகம் என்பதால் கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணில்தான் புதைக்கவேண்டும் என்று சுவாமியார் சொல்லியிருக்கிறார். துணியில் சுற்றிப் பலாமரப் பெட்டி ஒன்றில் வைத்து, என் மாமனார் கல்லறைக்குப் பக்கத்தில் இவரே குழி தோண்டி வைத்துவிட்டு வந்திருக்கிறார். "யாரையும் தோண்ட வுடல" என்றார். அதன் பிறகு ஒரு வாரம் தினமும் எனக்கு உப்பில்லாத மீன்குழம்பும் பாகற்காய்ப் பொரியலும் தானே சமைத்துக்கொண்டு வந்தார். மீன் கழுவத் தெரியாத மனிதர். செதிள் வாயில் அகப்படும். சாப்பிட்டேன்.

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு கழிந்த பிறகு, நான் கட்டில் ஓரத்தில் உட்காரப் பழகிக்கொண்டிருந்தபோது, கோவிந்தன் வந்தார். தலையை மொட்டையடித்திருந்தார். அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சவரிராயன் முக்காலியை நகர்த்திப் போட்டார். அவர் உட்காரவில்லை, தரையில் குந்தினார்.

"கன்னுக்குட்டியப் பாத்தா. மாட்டுக் கொட்டாயிலயே பாயப் போடச் சொன்னா. ஒரு வாரம் நல்லாத்தான் இருந்தா, வாத்தியாரம்மா. சொட்டு வுட்டா தூங்குவா. அப்புறம் சொட்டும் பாதிதான் உள்ள போச்சி. மிச்சம் வாயோரமா வழிஞ்சிடுச்சி."

சவரிராயன் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார்.

"பேச்சு நின்னுபோச்சி. கண்ணால புட்டியக் காட்டுனா. என்னைப் பாத்தா, புட்டியப் பாத்தா. எல்லாத்தையும் கன்னத்துல அடக்கி வெச்சா கொஞ்சங் கொஞ்சமா எறங்கியிருக்கும். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மூடியத் தொறந்தேன். கையி வரல. புட்டிய எடுத்துக்கிட்டுக் களத்துக்குப் போயிட்டேன். வைக்கோல் போர் பின்னால ஒக்காந்திருந்தேன். திரும்பி வந்தா செத்திருப்பான்னு நெனைச்சேன். இருந்தா. பொழுது சாயற வரைக்கும் இருந்தா. கண்ணத் தொறந்தபடியே இருந்தா."

சவரிராயன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார் கோவிந்தன். "அன்னைக்கி வெள்ளக்காரரு கோடு போட்டுக் காட்டுனாரே. அது, இதுக்கு மேல ஊத்தாதேன்னு சொன்னாரா? இல்ல, ஊத்தறதா இருந்தா இவ்ளோ ஊத்துன்னு சொன்னாரா?"

அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். திரும்பவும் சொல்லிப் பார்த்தேன். இந்த அளவை ஒரே தரத்தில் விட்டால் அவள் எழுந்திருக்கமாட்டாள். அதில் வேண்டாம் என்ற சொல் இல்லை. செய் என்ற சொல்லும் இல்லை. தொக்தேரையே கேட்கலாம் என்றால், அவர் மாற்றலாகிச் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார்.

"அவர் சொன்னத அப்படியேதான் சொன்னேன்" என்றேன். "அதுல ரெண்டும் இல்ல."

"அவரு மொகத்தப் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். அவர் புட்டியப் பாத்துக்கிட்டு இருந்தார்."

கோவிந்தன் தலையாட்டினார். "அண்ணன் நான் ஊத்தாதது சரின்றாரு. ஒங்க சாமியாரக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாரு, இல்ல?"

"சொல்லுவார்."

"நீங்க?"

"நானா இருந்தாலும் ஊத்தியிருக்க மாட்டேன்" என்றேன். அது உண்மை. என் விசுவாசம் அதை விடாது, என் கையும் விடாது. "ஆனா அவ பக்கத்துல படுத்திருந்தவ நான். அவ கேட்டத தப்புன்னு என் வாயால சொல்லவும் முடியாது."

அவர் என் கால் கட்டைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டார். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஊர்ல கேக்கறவங்களுக்கெல்லாம் தானா செத்தான்னு சொல்றேன். அது உண்மைதான். ஆனா சொல்லும்போது பொய் மாதிரி இருக்குது."

சவரிராயன் அவரை வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்தார். வந்தவரிடம், கோவிந்தன் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல, பஸ் எங்க நிக்கும்னு கேட்டாரு" என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.